பொருத்தம் பார்ப்பது

ஏப்ரல் கடைசி வாரத்தில் அமெரிக்காவின் எடிசனிலோ ஃப்ரீமான்ட்டிலோ ஃப்ரிஸ்கோவிலோ, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். மே 1-க்குள் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் சொல்லி முன்பணம் கட்டியாக வேண்டும். ஒரு கடிதம், ஊரில் இருக்கும் தாத்தாவுக்கும் தெரிந்த பெயரிடமிருந்து வந்தது. இன்னொன்று, பிள்ளை போய்ப் பார்த்துவிட்டு வந்து "எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு" என்று சொல்லும் இடத்திலிருந்து. அப்பாவும் அம்மாவும் தூங்காமல் ஆளுக்கொரு கணக்குப் போடுகிறார்கள்.

அமெரிக்கக் கல்வி ஆலோசகர்கள் இதற்கு ஒரு பதிலை வழக்கமாக வைத்திருக்கிறார்கள்: பெயரைப் பார்க்காதே, உனக்குப் பொருந்துகிற இடத்தைப் பார். ஸ்டான்ஃபோர்டின் கல்வியியல் பள்ளியோடு இணைந்த ஓர் அமைப்பே 2018-இல் இதைச் சொல்லி அறிக்கை வெளியிட்டது. இந்த அறிவுரையின் முதல் பாதி பெரும்பாலும் சரி என்றே நினைக்கிறேன். இரண்டாம் பாதியில்தான் எனக்குச் சிக்கல். நம் வீடுகளில் பொருத்தம் என்பது பார்க்கிற விஷயம். ஒரு கல்யாணம் என்றால் நாலு இடத்தில் விசாரிப்போம், வேலை பார்க்கும் இடத்தில் கேட்போம், தெரிந்தவர் மூலம் தகவல் எடுப்போம். கல்லூரி விஷயத்தில் மட்டும் பொருத்தம் ஒரு பிற்பகல் நேரத்து உணர்வாகச் சுருங்கிவிட்டது.

பெயரை விட முடியாமல் தவிக்கும் பெற்றோரைக் குறை சொல்வது எளிது. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2007-இல் போகும்வரை பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300-க்குக் கட்-ஆஃப் போட்டார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங்குக்காகக் காத்திருந்து, திரையில் காலி இடங்கள் குறைவதைப் பார்த்து நெஞ்சு படபடத்தவர்கள் இன்று நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் அப்பா அம்மாக்களாக இருக்கிறார்கள். கிண்டி பொறியியல் கல்லூரி கிடைத்தால் கிண்டிதான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. கட்டணம் குறைவு, நன்றாகப் படிக்கிறவர்கள் கூடப் படிப்பார்கள், கம்பெனிகள் அங்கேதான் முதலில் வரும். ஒரே அளவுகோலால் எல்லோரையும் அளந்த அந்த வரிசையில் மேலே போகப் பார்த்தது புத்திசாலித்தனம்தான்.

அமெரிக்கக் கல்லூரிகளின் ரேங்க் அப்படிப்பட்ட வரிசை இல்லை. அது ஒரு பத்திரிகை போடும் பட்டியல். யூ.எஸ். நியூஸ் 1983-இல் அதைத் தொடங்கியபோது கல்லூரித் தலைவர்களிடம் கருத்துக் கேட்டுத்தான் வரிசைப்படுத்தியது. 2022-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், தன் பல்கலைக்கழகமே கொடுத்த எண்கள் சரியில்லை என்று எழுதிக் காட்டினார். இரண்டாம் இடத்தில் இருந்த கொலம்பியா அந்த ஆண்டே பதினெட்டுக்கு இறங்கியது. அடுத்த ஆண்டு யூ.எஸ். நியூஸ் கணக்கிடும் முறையை மாற்றியது. நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கும் ரட்கர்ஸ் 55-இலிருந்து 40-க்கு ஏறியது. ராரிட்டன் ஆற்றங்கரையில் அந்த ஓர் ஆண்டில் பாடமோ ஆசிரியர்களோ அந்த அளவுக்கு மாறிவிடவில்லை, சூத்திரம்தான் மாறியது. இப்படி ஏறி இறங்கும் எண்ணுக்காகத்தான் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அதற்குக் கொடுக்கும் விலை என்ன என்பதை நியூ ஜெர்சி 2015-இல் வெளிச்சத்தில் பார்த்தது. பிரின்ஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் வெஸ்ட் வின்ட்சர்-பிளெய்ன்ஸ்பரோ பள்ளி மாவட்டத்தில் பாதிக்கும் மேல் ஆசிய வம்சாவளிப் பிள்ளைகள். அதன் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட் பெற்றோருக்குப் பதினாறு பக்கக் கடிதம் எழுதினார். முந்தைய கல்வியாண்டில் 120 மாணவர்களை மனநலப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தது, அதில் 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்பது அந்த நேரத்தில் வெளிவந்த செய்தி. அவர் இடைப்பருவ, இறுதித் தேர்வுகளை எடுத்தார், வீட்டுப்பாடம் இல்லாத இரவுகளைக் கொண்டுவந்தார். குடியேறி வந்த பெற்றோரில் பலர் எதிர்த்தார்கள். தரத்தைக் குறைக்கிறார், நம் பிள்ளைகளின் உழைப்புக்கு மதிப்பில்லாமல் போகிறது என்று வருந்தினார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. உழைப்பைத் தவிர வேறு சொத்து இல்லாமல் விமானம் ஏறியவர்கள் அவர்கள். ஆனால் மருத்துவமனைக்குப் போன அந்த நாற்பது பிள்ளைகளைத் தாண்டி என்னால் அந்த நியாயத்தோடு நிற்க முடியவில்லை.

சரி, பெயரால் பயனே இல்லையா? இருக்கிறது. யாருக்கு, எதில் என்பதுதான் கேள்வி. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே மாதிரியான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்த, ஒரே தகுதியுள்ள மாணவர்களை ஒப்பிட்டது. பெரிய பெயர் உள்ள இடத்துக்குப் போனவர்களும், இடம் கிடைத்தும் வேறு இடத்துக்குப் போனவர்களும் பின்னாளில் ஏறத்தாழ ஒரே அளவு சம்பாதித்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அதற்கு விலக்கு. கறுப்பின, ஹிஸ்பானிக் மாணவர்களும், பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகளும் அப்படியே என்று பிந்தைய ஆய்வில் தெரிந்தது. அவர்களுக்குப் பெயர் உண்மையிலேயே கதவைத் திறந்தது. 2023-இல் ராஜ் செட்டியும் டேவிட் டெமிங்கும் ஜான் ஃப்ரீட்மனும் சேர்ந்து செய்த ஆய்வு இதற்கு இன்னொரு பக்கத்தைச் சேர்த்தது. ஐவி வரிசைக் கல்லூரிகளுக்குப் போவதால் சராசரி வருமானம் பெரிதாகக் கூடுவதில்லை. ஆனால் நாட்டின் உச்சியில் இருக்கும் ஒரு சதவீத வருமானத்தை எட்டும் வாய்ப்பும், பேர்போன நிறுவனங்களில் நுழையும் வாய்ப்பும் கணிசமாகக் கூடுகின்றன.

இரண்டையும் சேர்த்துப் படித்தால், அப்பாவும் அம்மாவும் மென்பொருள் துறையில் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய பெயர் தரும் கூடுதல் பலன் நாம் நினைப்பதைவிடக் குறைவு என்று தெரிகிறது. அந்தப் பெயருக்காக அதிகம் ஏங்குவதும் அந்த வீடுகள்தாம். எடிசன் ஓக் ட்ரீ ரோடில் உணவகச் சமையலறையில் நிற்பவரின் மகளுக்கோ கணக்கே வேறு. பிரின்ஸ்டன் 2001-லேயே உதவித்தொகையில் கடனை எடுத்துவிட்டு மானியமாகவே கொடுக்கத் தொடங்கியது. அப்படிப்பட்ட இடம் அவளுக்குப் பெயரும் தரும், மாநிலப் பல்கலைக்கழகத்தைவிட மலிவாகவும் முடியலாம். அவளிடம் போய்ப் பெயர் முக்கியமில்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

விசாவை மறந்துவிட்டு இந்தப் பேச்சைப் பேசவும் முடியாது. எச்-1பி வேலை விசாவில் இருக்கும் பெற்றோரின் பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. பச்சை அட்டை வரிசை நகராமல் அவனுக்கு 21 வயது முடிந்தால் பெற்றோரின் விசாவைச் சார்ந்திருக்க முடியாது, சொந்தமாக ஒரு விசா தேட வேண்டும். ஆண்டுக்கு 90,000 டாலரை நெருங்கும் அல்லது தாண்டும் தனியார் பல்கலைக்கழகத்தில் அந்த வீடு முழுத் தொகையையும் கட்டுவது என்பது, அடுத்த இரண்டு ஆண்டில் எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாமலேயே வீட்டை அடமானம் வைப்பது.

பொருத்தம் என்ற அறிவுரையின் குறை எனக்குத் தெளிவானது டெக்சாஸில்தான். அங்கே 1997-இல் வந்த சட்டப்படி பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் 2009-இல் வரம்பு வைத்தார்கள். அங்கே இப்போது முதல் ஐந்து சதவீதம்தான் கணக்கு. ஃப்ரிஸ்கோ, பிளேனோ பள்ளிகளில் ஏழாவது சதவீதத்தில் நிற்கும் பிள்ளை வேறு பல ஊர்களில் முதல் மாணவியாக இருக்கக்கூடும். இதைவிட முக்கியம், இடம் உறுதி என்றால் கேட்ட பிரிவு உறுதி என்று அர்த்தமில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டவளுக்கு வேறு பிரிவு கிடைக்கலாம். ஆஸ்டின் வளாகத்தை ஒரு வெயில் நாளில் சுற்றிவிட்டு மனம் பறிகொடுத்தவள் அதைக் கவனிப்பதில்லை, அங்கே போய் மாறிக்கொள்ளலாம் என்று நம்புகிறாள். அதே நேரத்தில் ரிச்சர்ட்சனில் இருக்கும் யூ.டி. டல்லாஸ் அவள் கேட்ட பிரிவையும் உதவித்தொகையையும் சேர்த்துத் தருகிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸை நிறுவியவர்கள் தொடங்கிய ஆராய்ச்சி மையத்திலிருந்து வளர்ந்த பல்கலைக்கழகம் அது. வீட்டிலிருந்து பக்கம் என்பதாலேயே அதைச் சின்ன இடமாக நினைக்கிறோம்.

கலிபோர்னியாவிலும் இதே கதை. பெர்க்லியில் சேர்ந்துவிட்டு முதல் பாடங்களில் நல்ல மதிப்பெண் வாங்கிக் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குள் போகலாம் என்ற பழைய வழி, 2023-இல் சேர்ந்தவர்களிலிருந்து மூடப்பட்டுவிட்டது. விசாரிக்காமல் சேர்ந்தால் நான்கு ஆண்டும் மூடிய கதவுக்கு வெளியே நிற்க நேரலாம். கூப்பர்டினோவின் டி ஆன்சா கம்யூனிட்டி கல்லூரியில் இரண்டு ஆண்டு ஒழுங்காகப் படித்தால் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூ.சி.) ஆறு வளாகங்களில் ஏதாவது ஒன்றுக்கு உறுதியோடு மாறலாம். அந்த வழியைச் சொன்னாலே பல வீடுகளில் முகம் சுருங்குகிறது. பொங்கல் விழாவில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற பயம்.

இன்னொரு கவலையும் உண்டு. பதினேழு வயதில் 'பிடிச்சிருக்கு' என்பது பல நேரம் 'பழகியது போல இருக்கு' என்பதுதான். அதே பள்ளி நண்பர்கள், அதே ஊர்ப் பேச்சு. கொஞ்சம் அந்நியமாக இருக்கும் இடம்தான் சில பிள்ளைகளை வளர்க்கும், அது முதல் நாளிலேயே பிடிக்காது.

அப்படியானால் எதை விசாரிப்பது? காலப் கருத்துக்கணிப்பு நிறுவனமும் பர்டியூ பல்கலைக்கழகமும் 2014-இல் 30,000 பட்டதாரிகளிடம் கேட்டார்கள். வேலையில் ஈடுபாட்டையும் வாழ்க்கை நிறைவையும் தீர்மானித்ததில் கல்லூரியின் வகைக்குப் பங்கு மிகக் குறைவு. தன்மேல் அக்கறை கொண்ட ஓர் ஆசிரியர் இருந்தாரா, ஆர்வத்தைத் தூண்டினாரா, ஊக்கம் கொடுத்து வழிகாட்ட ஒருவர் இருந்தாரா என்பதுதான் பெரிய வித்தியாசம் செய்தது. இதைச் சுற்றுப்பயணத்தில் பார்க்க முடியாது. முதலாண்டு வகுப்பில் எத்தனை பேர், பாடம் எடுப்பது பேராசிரியரா ஆராய்ச்சி மாணவரா, பிரிவு மாற வழி உண்டா என்று அங்கே படிக்கிறவர்களிடம் கேட்க வேண்டும்.

பிளேனோவில் எனக்குத் தெரிந்த ஓர் அப்பா, சேர்க்கை கிடைத்தவர்களுக்கான வரவேற்பு நாளை விட்டுவிட்டு, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு முதல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இருவரும் பேராசிரியர்களின் அறைகள் இருக்கும் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலான கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது, வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். வெளியே வந்த பெண்ணிடம் மகள் பேச்சுக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் இரண்டாவது பல்கலைக்கழகத்திலும் போய் அதேபோல் உட்கார்ந்தார்கள். திரும்பி வரும் வழியில், காரை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, அவள் அப்பாவின் கார்டு எண்ணைக் கேட்டாள்.