சமாதானத்தின் விலை

டெனி ஆர்கானின் கனடியப் படம் 'காட்டுமிராண்டிகளின் படையெடுப்பு' (2003). சாகக் கிடக்கும் இடதுசாரிப் பேராசிரியர் ரெமிக்கும் லண்டனில் பணம் பண்ணும் மகன் செபாஸ்தியனுக்கும் நேரும் சமாதானம்தான் கதை. மான்ட்ரியல் அரசு மருத்துவமனையில் நடைபாதையெல்லாம் கட்டில்கள். மகன் நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் காசை அழுத்தி, மூடிக்கிடந்த மாடியில் தனியறை பிடிக்கிறான். அப்பாவின் பழைய மாணவர்களையும் காசு கொடுத்தே பார்க்க வரவழைக்கிறான். கடைசியில் இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். பார்க்கிற எனக்கும் தொண்டை அடைக்குது, மறுக்கலை. ஆனா அப்பா ஓட்டுப்போட்டு ஆதரித்த பொதுமருத்துவத்தை ஒதுக்கிவிட்டுத்தான் இந்தப் பாசம் நிறைவேறுகிறது. நடைபாதையில் கிடப்பவருக்கும் மகன் இருப்பான். அவன் கையில் காசுதான் இருக்காது. அவர்களுடைய சமாதானம் எந்த அறையில் நடக்கும்? இதைக் கேட்காத கண்ணீரை நான் நம்பவில்லை.