பார்த்த பாடமும் படித்த பாடமும்

திருத்தங்கலிலோ சிவகாசியிலோ ஓர் ஆப்செட் அச்சகத்திற்குள் சென்று சற்று நேரம் நின்று பாருங்கள். மிஷின் மணிக்கு ஆயிரக்கணக்கில் தாள்களைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதை ஓட்டுபவர் இடையிடையே ஒரு தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சிவப்பு தூக்கலாக இருக்கிறதா, மஞ்சள் விலகி விழுந்திருக்கிறதா என்று கவனித்து, மையைச் சற்றே கூட்டுவார் அல்லது குறைப்பார். பிறகு இன்னொரு தாள். அவர் அப்படிச் செய்யாமல், ஓடிய தாள்களை மட்டும் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? காலண்டரில் முருகனின் உதடு ஓரிடத்திலும் அதன் சிவப்பு வேறிடத்திலும் இருக்கும்!

நம் நாட்டில் இணையவழிக் கல்வி ஒரு பெருந்தொழிலாக வளர்ந்த கதையைப் பார்க்கும்போது இந்த அச்சகமே என் நினைவுக்கு வருகிறது. ஓடிய தாள்களை எண்ணுவதில் அத்தொழில் மிகுந்த அக்கறை காட்டியது. தாளை உருவிப் பார்ப்பதில் காட்டவில்லை.

2011இல் தொடங்கப்பட்ட பைஜூஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 2022இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்று முதலீட்டாளர்கள் கணித்தனர். இந்தியக் கிரிக்கெட் வீரர்களின் சட்டையில்கூட அதன் பெயர் இருந்தது. 2024 ஜூலையில் அதே நிறுவனத்தின்மீது திவால் நடவடிக்கை தொடங்கியது. செயலியை இறக்கியவர் எத்தனை பேர், சந்தா கட்டியவர் எத்தனை பேர் என்பவை ஊரறிந்த எண்கள். பின்னம் கூட்டத் தெரியாமல் வந்து, தெரிந்துகொண்டு போன பிள்ளைகள் எத்தனை பேர் என்ற எண்ணை விளம்பரத்தில் யாரும் கண்டதில்லை. இத்துறையில் கட்டணம் பிடிக்கும் முறைகளைப் பற்றி 2021 டிசம்பரில் கல்வி அமைச்சகமே பெற்றோரை எச்சரிக்க நேர்ந்தது. வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகக் கழியும் ஏற்பாட்டைத் தவிர்க்குமாறு அது அறிவுறுத்தியது.

பாடத்தைக் காட்டினால் போதாதா, பிள்ளை தானே கற்றுக்கொள்ளாதா என்று நீங்கள் கேட்கலாம். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலறிஞர்கள் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். மாணவர்களில் ஒரு குழு ஓர் உரைப்பகுதியை நான்கு தடவை படித்தது. மற்றொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு தடவை படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கோ 61 சதவீதம்! இதில் வேடிக்கை என்னவென்றால், தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் நான்கு தடவை படித்தவர்கள்தாம். ஒரே வீடியோவை மூன்றாம் முறை பார்க்கும்போது 'எல்லாம் புரிந்துவிட்டது' என்று தோன்றுகிறதே, அதே மயக்கம்தான் இது.

ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012இல் தொடங்கிய இணையப் பாடங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. 2017-18இல் பதிவு செய்தவர்களுள் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவே.

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழகக் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்களை வீடுகளுக்குக் கொண்டுசென்றது அதுதான். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் திரையில் தோன்றும் ஆசிரியருக்குப் பிள்ளையின் முகம் தெரியாது. செல்போன் வழியாகவாவது கேட்கலாம் என்றால், ஒரே செல்போன் உள்ள வீட்டில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பட்டாசுக் கொட்டகைக்குள் செல்போன் கூடாது என்பது பாதுகாப்பு விதி. ஆகவே அது அங்கும் பயன்படாமல், வீட்டிலும் இல்லாமல், வெளியே எங்கோ காத்துக் கிடக்கும்.

விளைவு என்ன? தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து சோதித்தனர். 2021 டிசம்பரில் கற்றலில் பெரும் பின்னடைவு தெரிந்தது. பள்ளி திறந்து ஆறு மாதங்களுக்குள் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டனர். அத்திட்டத்தில் என்ன கருவி இருந்தது? மாலையில் தெருப்பிள்ளைகளை உட்கார வைத்து, ஒரு தன்னார்வலர், "எங்கே, நீ சொல்லு பார்ப்போம்" என்று கேட்டார். அவ்வளவுதான்.

இதனால் எந்திரமே வேண்டாம் என்பது என் கட்சியன்று. டில்லியில் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளை நாலரை மாதம் சோதித்துப் பார்த்தனர். பிள்ளை செய்யும் தவறுக்கு ஏற்ப அது அடுத்த கேள்வியை மாற்றும். கூடவே ஓர் ஆசிரியரும் இருந்தார். கணக்கில் நல்ல முன்னேற்றம் கிடைத்ததாக 2019இல் ஆய்வு வெளிவந்தது.

அரசு நிதியில் 2003இல் தொடங்கிய என்.பி.டெல். திட்டத்தையும் நான் மதிக்கிறேன். சென்னை ஐ.ஐ.டி. இதில் முன்னின்று வருகிறது. பாடம் இலவசம். சான்றிதழ்ப் பாடங்களில் வாரந்தோறும் வினாக்கள் உண்டு. சான்றிதழ் வேண்டுவோர் கட்டணம் செலுத்தி, மையத்திற்கு நேரில் சென்று தேர்வு எழுத வேண்டும். தாளை உருவிப் பார்க்கும் வழக்கம் இங்கே இருக்கிறது.

குறை வேறிடத்தில் உள்ளது. பல விரிவுரைகளின் எழுத்து வடிவம் தமிழிலும் பெயர்க்கப்பட்டிருக்கிறது. ஆயின், பெரும்பாலான பாடங்களில் வினாக்களும் தேர்வும் ஆங்கிலத்தில்தான். திருத்தங்கலில் தமிழ்வழியில் படித்த ஒரு மாணவி விரிவுரையைத் தமிழில் படித்துப் புரிந்துகொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். விடை அவளுக்குத் தெரியும். கேள்வி என்ன கேட்கிறது என்பதில்தான் தடுமாறி, மூன்றாவது வாரத்தோடு நிறுத்திவிடுகிறாள். சேர்ந்தவர்களின் எண்ணிக்கையில் அவள் பெயர் அப்படியே இருக்கும்.