திணையும் துணையும்

பேடு என்னும் பெயர்க்குப் பால் வகுக்குமிடத்துப் பவணந்தியார் உடற்குறியை அளவாகக் கொண்டாரல்லர். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவது ஆண்பால் என்றும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவது பெண்பால் என்றும் வகுத்தார். 2014-இல் இந்திய உச்ச நீதிமன்றம், தம் பால் இன்னதெனத் தாமே உணர்ந்து கூறும் உரிமை திருநங்கையர்க்கும் திருநம்பியர்க்கும் உண்டெனத் தீர்ப்பளித்தது. இதற்கு அணுக்கமான கருத்தை 13-ஆம் நூற்றாண்டின் நன்னூலிலேயே காண்கிறோம்.

ஆயினும் அந்நூற்பா, இவ்விரு வகையும் அஃறிணை போன்று வருதலும் ஆகும் என்று முடிகின்றது. தொல்காப்பியரோ இவர்களை உயர்திணைக்கண்ணே நிறுத்தினார். தமக்கெனத் தனி ஈறு இன்மையின் உயர்திணைப் பாலீறு கொள்வர் என்றார். ஆண்பாற் சொல் இவர்க்கு ஆகாதென விலக்கவும் செய்தார். நன்னூலார் இடந்தந்த அவ்வழக்கே இன்று ஊறு செய்கின்றது என்பது எம் கருத்து.

கல்லூரி வாயிலில் ஒருவரை 'அது' எனச் சுட்டி நகைப்போர், அவரை மாந்தரினின்று நீக்குகின்றனர். வகுப்பில் தனித்தமர்தலும், விடுதியை விட்டு நீங்குதலும், படிப்பை இடைநிறுத்தலும் அச்சுட்டிலிருந்தே தொடங்குதல் கூடும். தன்பாலீர்ப்புடைய மாணாக்கர் நிலை வேறு. மேற்காட்டிய நூற்பாக்கள் அவரைப் பற்றியன அல்ல. எனினும் ஏளனச் சொல் இரு திறத்தாரையும் ஒருங்கே தாக்குகின்றது.

பாதுகாப்பு விதிகள் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் பகடிவதை விதியைத் திருத்தி, பாலினமும் பாலீர்ப்பும் பற்றிய துன்புறுத்தலையும் அதனுள் அடக்கியது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம், பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடுக்குமாறு ஆணையிட்டது. அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2022-இல் தமிழ்நாட்டரசு மதிப்புடைய சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

பாவூர்சத்திரத்திலிருந்து தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் பேருந்தேறிக் கல்லூரி செல்லும் மாணாக்கர்க்கு இவை எவ்வாறு எட்டும்? மாணவத் தொண்டரால் 2011-இல் மதுரையில் தொடங்கப்பெற்ற சிருஷ்டி போன்ற அமைப்புகள் தொலைவில் தோன்றியவை. ஒருவரையொருவர் அறிந்த சிற்றூர்ப்புறத்தில், உளநல அறிவுரையாளரை நாடிச் செல்வதே வீட்டார் செவிக்கு எட்டிவிடும். ஆதலின் மறைகாத்தலே துணையின் முதற்பண்பாதல் வேண்டும். முறையீட்டை ஏற்கும் பேராசிரியர், மாணாக்கரின் இசைவின்றிப் பெற்றோர்க்கு அறிவித்தல் ஆகாது.

தமிழ்த்துறைக்குத் தனிக்கடன் ஒன்று உண்டு. நன்னூலைப் பாடஞ் சொல்வோர், இந்நூற்பா வருங்கால் எழும் நகைப்பொலிக்கு இடங்கொடுத்து விரைந்து கடத்தல் தகாது. அதன் முற்பகுதியின் நுட்பத்தையும் இறுதியடியின் குறையையும் எடுத்துரைத்து, தொல்காப்பியர் கொள்கையையும் உடன்வைத்துக் காட்டல் வேண்டும். அவ்வகுப்பில் வாய்திறவாது அமர்ந்திருக்கும் மாணாக்கர்க்குக் கல்லூரி முதற்கண் அளிக்கவல்ல துணை அதுவேயாகும்.