கறக்கப்பட்ட பட்டாளங்கள்

பழைய பட்டாலியனிலிருந்து தேர்ந்த அதிகாரிகளையும் சுபேதார், ஹவில்தார்களையும் பிரித்தெடுத்து, அவர்களைக் கருவாக வைத்துப் புதிய பட்டாலியனை எழுப்புவது பிரிட்டிஷ் இந்தியப் படையின் முறை. படைக்குள் இதைப் ‘பால் கறத்தல்’ என்றார்கள். 1939இல் ஏறத்தாழ 2 லட்சம் பேர் இருந்த படை, 1945இல் 25 லட்சத்தைத் தாண்டியதற்கு இது பெருங்காரணம். அத்தனை பேரும் கட்டாய ஆள்சேர்ப்பு இன்றி வந்தவர்கள். புதியவர்களுக்கு நடுவே அனுபவசாலிகள் சிலர் இருந்தால்தான் பட்டாளம் பட்டாளமாகும். அந்த அளவில் முறை சரியானதே. ஆனால் கறக்கப்பட்ட பழைய பட்டாலியனும் தேறவேண்டும், புதியதும் தேறவேண்டும். அதற்கான காலத்தை மலாயாப் போர் தரவில்லை.

1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தா பாருவிலும் தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணியிலும் இறங்கினர். மலாயாவின் வடகெடாவைக் காத்த 11ஆம் இந்திய டிவிஷனில் பழைய ஹவில்தார்கள் பலர் புதிய பட்டாலியன்களுக்குப் போய்விட்டிருந்தனர். அவசரமாக அதிகாரியானவர்களில் பலருக்கு வீரர்களின் மொழியான உருது சரளமாக வராது. மலாயாவில் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கிகூட இல்லை. டாங்கியைக் கண்ணால் பார்த்திராத வீரர்கள் மீது வடகெடாவின் ஜித்ராவில் ஜப்பானிய டாங்கிகள் பாய்ந்தன. டிசம்பர் 13க்குள் ஜித்ரா கைவிட்டுப் போயிற்று. பழியை முழுக்கப் பயிற்சிக் குறையின் தலையில் கட்டுவதும் நியாயமன்று. தாய்லாந்துக்குள் முன்னேறுவதா, ஜித்ராவில் பதுங்குகுழி வெட்டுவதா என்று மேலிடம் முடிவெடுக்காமல் தாமதித்ததில், மழைநீர் நிரம்பிய அரைகுறைக் குழிகளே வீரர்களுக்கு மிஞ்சின. வானமும் எதிரியின் கையில் இருந்தது.

ஆள் பற்றாக்குறையின் விலையைப் பினாங்கு கொடுத்தது. பெயருக்கு அது ‘கோட்டை’. பத்து மாவுங்கில் பீரங்கித் தளமும் இருந்தது. ஆனால் காவலுக்கிருந்த 14ஆம் பஞ்சாப் ரெஜிமென்ட்டின் 5ஆம் பட்டாலியன், தாய்லாந்து எல்லையை ஒட்டிய குரோவுக்கு அனுப்பப்பட்டிருந்தது. டிசம்பர் 11இல் பினாங்கின் ஜார்ஜ்டவுன் மீது குண்டு விழுந்தபோது, அண்ணாந்து வேடிக்கை பார்த்த கூட்டமே பெரும்பலியானது. 16, 17 தேதிகளில் ஐரோப்பியர் வெளியேற்றப்பட்டனர், ஆசியர்கள் கைவிடப்பட்டனர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றியவர் ஒரு பத்திரிகையாசிரியர்: ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’வின் எம். சரவணமுத்து, யாழ்ப்பாணத் தமிழர்.

ஜப்பானியர் காட்டுப்போரில் பிறவி வல்லவர்கள் என்ற பேச்சு தோற்றவர்களுக்கு வசதியான சாக்கு. அவர்களது பலம் சீனப்போரில் பெற்ற அனுபவமும் முன்தயாரிப்பும்தான். எதிர்த்தரப்பிலும் ஆர்கைல் ஹைலாண்டர்ஸ் பட்டாலியன், இயன் ஸ்டூவர்ட்டின் தலைமையில் மலாயாக் காட்டிலேயே பழகியிருந்ததால், பின்வாங்கும்போதும் எதிரிக்குக் கடும் இழப்பை உண்டாக்கியது. அது விதிவிலக்காகவே நின்றது. மத்தியகிழக்குப் பாலைவனத்துக்கென எழுப்பிய 45ஆம் பிரிகேட், 1942 ஜனவரியில் மூவார் ஆற்றங்கரையில் நிறுத்தப்பட்டுச் சில நாட்களிலேயே சிதறியது.

இந்த நெருக்கடிக்கு அடியில் பழைய பிழை ஒன்று உண்டு. ‘போர்க்குணமுள்ள இனங்கள்’ என்ற கொள்கையை நம்பிப் பஞ்சாபையும் வடமேற்கையும் பெரிதும் ஆள்சேர்ப்புக்குச் சார்ந்திருந்தார்கள். ஆகவே சில ரெஜிமென்ட்டுகளையே திரும்பத் திரும்பக் கறக்க நேர்ந்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சேவை செய்த மதராஸ் பட்டாளத்தை 1920களின் இறுதியில் கலைத்துவிட்டு, போர் முற்றியபின் 1941இல் மீண்டும் எழுப்பினார்கள். மலாயாவிலும் அதே அலட்சியம்தான்: 1933இல் தொடங்கிய மலாய் ரெஜிமென்ட்டுக்கு 1941 வரை ஒரே பட்டாலியன். சிங்கப்பூர் வீழுமுன் பாசிர் பாஞ்சாங்கில் அந்த ரெஜிமென்ட் காட்டிய உறுதி, உள்ளூர் ஆட்களை நம்பாதது எத்தனை பெரிய தவறு என்பதைக் காட்டிவிட்டது.

தோல்விக்குப் பின்னரே திருத்தம் வந்தது. 1943இல் 14, 39ஆம் இந்திய டிவிஷன்கள் போர்முனையிலிருந்து விலக்கப்பட்டு, புதியவர்களுக்குக் காட்டுப்போர் கற்பிக்கும் பயிற்சி டிவிஷன்களாயின. 1942இல் தென்னிந்தியாவில் எழுப்பப்பட்ட 25ஆம் இந்திய டிவிஷனோ, பயிற்சிக்குக் காலம் கிடைத்தபின் 1944இல்தான் பர்மாவின் அரக்கானில் போர் கண்டது. ஜப்பான் சரணடைந்தபின் 1945 செப்டம்பர் 9இல் அந்த டிவிஷன் மலாயாவில் சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் இறங்கியது.