சூப்பும் சக்கையும்

நோயிலிருந்து எழுந்தவருக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வியைச் சீன மருத்துவம் அடுக்களையிலேயே தீர்க்கப் பார்க்கிறது. மருத்துவர் முதலில் உணவால் குணப்படுத்த முயலட்டும், பலிக்காவிட்டால் மருந்தைத் தொடட்டும் என்று 7ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார் சீன மருத்துவர் சுன் சிமியாவ். இந்த மரபின் மெய்யான பலம் எந்தத் தனிப்பொருளிலும் இல்லை. எதை எப்போது கொடுப்பது என்ற வரிசையில் இருக்கிறது. மிகவும் நலிந்த உடல் ஊட்டத்தைத் தாங்காது என்பது அங்கே பழைய விதி. ஆகவே முதலில் குழைந்த அரிசிக் கஞ்சி, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, இறைச்சியெல்லாம் பிறகுதான். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக உணவை ஏற்றினால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று இன்றைய மருத்துவமும் எச்சரிக்கிறது. சொல்லும் காரணம் வேறு, நடைமுறை ஒன்றுதான்.

சறுக்கல், 'இரத்தம் ஊறும்' என்று பொருள்களை ஒரே வரிசையில் அடுக்கும்போது தொடங்குகிறது. பன்றி ஈரலும் உலர்ந்த சீன இலந்தைப் பழமும் அங்கே அருகருகே நிற்கின்றன. 100 கிராம் ஈரலில் ஏறத்தாழ 20 மில்லிகிராம் இரும்பு, அதுவும் உடல் எளிதில் உறிஞ்சும் வகை. இலந்தையில் இருப்பது அதில் சிறு பங்குதான். பழத்துக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்ததில் அதன் சிவப்புக்கும் பங்குண்டு என்றே தோன்றுகிறது. தென் சீனக் குவாங்தோங் மாகாண வீடுகளில் மணிக்கணக்கில் கொதிக்கும் சூப்பின் கதை இன்னும் விந்தை. சத்தெல்லாம் நீரில் இறங்கிவிட்டது என்று நம்பி இறைச்சியைச் சக்கையாக ஒதுக்குவோர் அங்கே பலர். உண்மையில் புரதத்தின் பெரும்பகுதி அந்தச் சக்கையில்தான் தங்குகிறது; நீரில் இறங்குவது சுவை, கொழுப்பு, கொஞ்சம் ஜெலட்டின், யூரிக் அமிலம் மிகுந்தவருக்கு ஆகாத பியூரின். அதே குவாங்தோங்கில் பிள்ளை பெற்றவளுக்குப் பன்றிக்கால், இஞ்சி, முட்டை போட்டுக் கறுப்புக் காடியில் காய்ச்சுகிறார்கள். அதில் காலும் முட்டையும் சேர்த்தே தின்னப்படுவதால் அது நல்ல சாப்பாடு.

பொருள்களைப் பிரித்து எடைபோடக் கூடாது, கூட்டுதான் வேலை செய்கிறது என்பார்கள். இருக்கட்டும், கூட்டையே அளக்கலாமே. சில வாரம் குடித்தபின் ஹீமோகுளோபின் ஏறியதா என்று பார்க்க எந்தத் தத்துவமும் வேண்டியதில்லை. ஏறினாலும், பானையில் கிடந்த ஈரலின் பங்கைக் கழித்துவிட்டே மற்றவற்றைப் புகழ முடியும். பலிக்காவிட்டால்தான் என்ன நட்டம் என்ற வாதம் இன்னும் நொய்ந்தது. இரத்தம் பெருக்கும் என்று அதிக விலைக்கு விற்கும் அஜியாவ், கழுதைத் தோலைக் காய்ச்சி எடுத்த ஜெலட்டின். டிரிப்டோபான் இல்லாத குறைப் புரதம். அந்தத் தோலுக்கான வேட்கை ஆப்பிரிக்கக் கழுதைகளைத் தின்று தீர்க்கவே, 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் அவற்றைத் தோலுக்காகக் கொல்வதைத் தடைசெய்ய முடிவெடுத்தது. வீட்டுக்குள்ளும் நட்டமுண்டு. சூப்பில் போடும் தாங்குவெய் வேர், வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு இரத்தப்போக்கைக் கூட்டலாம். குடலில் மெல்லக் கசியும் புண்ணால் வெளுத்துப்போனவர் தெம்புக்காகச் சூப் குடித்துக் காத்திருக்கும் மாதங்களில், கசிவு நின்றுவிடுவதில்லை.