நாணேற்றும்போதே தீர்மானமாகும் வெற்றி

இத்தாலி தேசத்தின் உம்பிரியா பிரதேசத்தில், மலைச்சரிவில் அமைந்த புராதன நகரமாகிய குப்பியோவின் பெரிய சதுக்கத்தில், ஆண்டுதோறும் மே மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று, அண்டை நகரமாகிய சான்செபோல்க்ரோவின் வில்லாளர்களை எதிர்த்து உள்ளூர் வில்லாளர்கள் நடத்தும் குறுக்குவில் போட்டி, விளையாட்டு ரசிகர்கள் அனைவரும் கூர்ந்து கவனிக்கத் தக்கதொரு போட்டியாகும். கையால் இழுத்து வளைக்க முடியாத அளவுக்குப் பலம் பொருந்திய கனத்த வில்லை, அதற்கென்று செய்த பலகையின்மீது தாங்கவைத்து, பின்னால் அமர்ந்துகொண்டு, 36 மீட்டர் தொலைவில், தாஸ்ஸோ என்று அவர்கள் வழங்கும் மரத்தாலான கூம்புக் குறியின் நடுப்புள்ளியை நோக்கி ஒவ்வொருவரும் எய்கிறார்கள். ஒருவருக்கு ஒரே ஒரு கணைதான். எல்லாருடைய கணைகளும் அந்த ஒரே குறியில் வந்து தைத்து நெருங்கி நிற்க, நடுவுக்கு மிக அருகில் எவருடைய கணை நிற்கிறதோ அவரே வெற்றி பெற்றவர். செப்டம்பர் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று சான்செபோல்க்ரோவில் மறுபோட்டி நடைபெறும்.

தவறினால் திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பே இல்லாத இந்தப் போட்டியில், வேடிக்கை பார்ப்பவர் கண் கணை பாயும் அந்தக் கணத்தையே நாடி நிற்கும். ஆனால் ஆட்டத்தின் நுட்பத்தை அறிந்தவர்கள் பார்ப்பது அதற்கு முந்திய நிமிஷங்களை. வில்லாளர் நாணை எவ்விதம் இழுத்துக் கொக்கியில் மாட்டுகிறார், கணையை எவ்விதம் பள்ளத்தில் கிடத்துகிறார், அவருடைய விரல் எப்போது விசையை அணுகுகிறது என்பவற்றைக் கொண்டே, அந்தக் கணையின் கதியை ஏறக்குறைய ஊகித்துவிட முடியும். குறுக்குவில் விளையாட்டில் பாதுகாப்பு என்றும் துல்லியம் என்றும் இரண்டு வித்தைகள் கிடையா. எந்த விதி எய்பவனுடைய விரலையும் அயலானுடைய உயிரையும் காக்கிறதோ, அதே விதிதான் கணையையும் நடுப்புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இந்த உண்மையை, புதிதாகப் பழக வருகிறவர்களும் அவர்களுக்குப் பயிற்சி தருகிறவர்களும் மனத்தில் இருத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெடுவில் வித்தையைக் கைவரச் செய்ய இளமை தொட்டு அப்பியாசம் வேண்டியிருந்த காலத்தில், சில வாரப் பயிற்சியிலேயே ஒருவனைப் போர்முனைக்குத் தகுதியாக்கிவிட்ட ஆயுதம் குறுக்குவில். கிறிஸ்தவர்கள்மீது இதைப் பிரயோகிக்கலாகாது என்று 1139ஆம் ஆண்டில் லாத்தரன் திருச்சபைச் சங்கம் தடை விதித்ததும், 1199இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் ரிச்சர்டு பிரான்சின் ஒரு கோட்டை முற்றுகையின்போது இத்தகைய வில்லின் கணை பட்ட புண்ணால் மாண்டதும், அதன் வல்லமைக்குச் சரித்திரம் தரும் சாட்சிகள். எளிதில் கற்கலாம் என்பது இந்த வில்லின் சிறப்பு. அந்த எளிமையே அதன் அபாயமும் ஆகும். இழுத்த நாணைத் தாங்கி நிற்கும் வேலையைத் தோளுக்குப் பதில் கொக்கி ஏற்றுக்கொள்வதால், தான் எத்துணைப் பெரிய சக்தியைக் கையில் ஏந்தி நிற்கிறோம் என்பதைப் பழகுபவனுடைய உடம்பு உணர்வதில்லை. சாதாரண வில்லில் களைப்பே எச்சரிக்கை செய்யும். குறுக்குவில்லில் அந்த எச்சரிக்கையை அறிவுதான் செய்ய வேண்டும்.

அந்தச் சக்தியின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சர்வதேசக் களப்போட்டிகளில் அனுமதிக்கப்படும் வில்லின் இழுபாரம் அதிகபட்சம் 43 கிலோ. அத்தகைய வில்லின் நாணை 30 சென்டிமீட்டர் பின்னுக்கு இழுத்தால், அதன் இரண்டு கரங்களிலும் சேர்ந்து ஏறத்தாழ 60 ஜூல் சக்தி தேங்கி நிற்கும். விசையை அழுத்திய மாத்திரத்தில், ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் அந்தச் சக்தி முழுவதும் வெளிப்பட்டாக வேண்டும். அதை ஏற்றுக்கொண்டு வெளியே கொண்டுசெல்வதற்கு இருக்கும் பொருள் கணை ஒன்றே. கணையில்லாமல் விசையை அழுத்தினால், போக்கிடம் இல்லாத அச்சக்தி வில்லின் கரங்களையும் நாணையுமே தாக்கும். கரங்கள் பிளக்கலாம், நாண் அறுந்து முகத்தில் அடிக்கலாம். தயாரிப்பாளர் குறித்துள்ள எடைக்குக் குறைந்த கணையைப் பயன்படுத்துவதும் இதே குற்றத்தின் சிறிய வடிவம்தான். கணையின் வேகம் சற்றுக் கூடுகிறதே என்று மகிழ்பவர்கள், வில்லின் ஆயுள் குறைந்துகொண்டு வருவதைக் கவனிப்பதில்லை.

ஆகவே, பயிற்சியின் முதல் பாடம் எய்வதன்று, பரிசோதிப்பது. வில்லின் கரங்களில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கரங்களைத் தண்டோடு பிணைக்கும் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். நாணின் இழைகளில் பிசிறு எழுந்தால் மெழுகு பூசுவதும், இழையே அறுந்திருந்தால் தயங்காமல் நாணை மாற்றுவதும் அவசியம். கரிநாரினால் செய்த கணைகளை இரு கைகளாலும் பிடித்துச் சிறிது வளைத்து, விரிசலின் ஓசை கேட்கிறதா என்று செவி கொடுக்க வேண்டும். விரிசல் கண்ட கணை எய்யும் அதிர்ச்சியில் சிதறினால், அதன் கூரிய சிம்புகள் எய்தவன் கையிலேயே தைக்கும். இவை அனைத்தும் உயிரைக் காக்கும் எச்சரிக்கைகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தளர்ந்த திருகாணி ஒன்று கணைகளை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு திசையில் சிதறவைப்பதையும், காரணம் தெரியாத வில்லாளர் குறிகாட்டியை இங்குமங்கும் திருகித் திருகி மனம் சலிப்பதையும் பயிற்சிக் களங்களில் பலரும் கண்டிருப்பார்கள்.

அடுத்தது நாணேற்றுதல். வில்லின் முனையிலுள்ள அங்கவடியைத் தரையில் ஊன்றி, அதனுள் பாதத்தை அழுந்த வைத்து, முதுகை வளைத்துச் சிரமப்படாமல், இரு கைகளும் சமமாக மேலெழும்படி நாணை இழுத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். கொக்கி முழுமையாகப் பற்றியதற்கு அடையாளமான ஓசை காதில் விழும்வரை இழுப்பை விடக் கூடாது. அரைகுறையாகப் பற்றிய கொக்கி எந்தக் கணத்திலும் நழுவிவிடும். இரண்டு கைகளில் ஒன்று முந்தி ஒன்று பிந்தினால், நாண் நடுவில் பற்றப்படாமல் ஒருபக்கம் ஒதுங்கி நிற்கும். அப்போது ஒரு கரம் அதிகமாகவும் மற்றது குறைவாகவும் வளைந்து, விடுபடும் நாண் கணையின் பின்முனையை நேராக உந்தாமல் பக்கவாட்டில் தள்ளும். நாணில் பள்ளத்தின் இருபுறமும் மையால் சிறு அடையாளம் இட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அவை இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றனவா என்று பார்ப்பவருக்கு இந்தக் குறை நேராது. வேட்டைக்கும் பொழுதுபோக்குக்கும் விற்கப்படும் கனத்த வில்களோடு வரும் கயிற்றுக் கருவி, இழுக்கவேண்டிய பாரத்தைப் பாதியாகக் குறைப்பதோடு நாணையும் நடுவிலேயே கொண்டுவந்து நிறுத்துகிறது. அதைப் பயன்படுத்துவது பலவீனத்தின் அறிகுறி என்று கருதும் இளைஞர்கள், தங்கள் மதிப்பெண்களைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள்.

நாண் ஏறிய பிறகே கணையை வைக்க வேண்டும். மூன்று இறகுகளில் வேறு நிறமுடைய இறகு பள்ளத்திற்குள் கீழ்நோக்கி அமையும்படியும், கணையின் பின்முனை நாணைத் தொட்டு நிற்கும்படியும் வைப்பது முறை. இடைவெளி விட்டு வைத்தால், நாண் கணையை உந்துவதற்குப் பதிலாக ஓங்கி அறையும். சில சமயம் அதன் மேலோ கீழோ நழுவியோடி, கணையில்லாமல் விசையை அழுத்திய விபரீதத்தையே உண்டாக்கும். தட்டையான பின்முனை, பிறை வடிவாகக் குடைந்த பின்முனை என்று கணைகளில் பேதங்கள் உண்டு. அந்த வில்லுக்குத் தயாரிப்பாளர் எதை விதித்திருக்கிறாரோ அதை மட்டுமே பயன்படுத்த வேண்டும். விலை மலிவு கருதியோ, நண்பர் கொடுத்தார் என்றோ வேறொன்றை மாட்டுவது தகாது.

இனி எய்யும் நிலைக்கு வருவோம். பாதுகாப்புத் தாழ், இலக்கில் பார்வை நிலைத்த பின்னரே நீக்கப்பட வேண்டும். விரல், எய்வதென்று தீர்மானித்த பின்னரே விசையைத் தொட வேண்டும். தண்டைத் தாங்கும் கையின் பெருவிரலும் மற்ற விரல்களும் நாண் ஓடும் பாதைக்குக் கீழேயே இருப்பது கண்டிப்பான விதி. மேலே நீட்டிய பெருவிரலை விடுபட்ட நாண் சிதைத்துவிடும். இந்த ஒரு விதியில் துல்லியத்தின் ரகசியமும் அடங்கியிருக்கிறது. விரல்களைத் தாழ்த்தி, உள்ளங்கையின்மீது தண்டைக் கிடத்தி ஏந்துபவரின் பிடி இறுக்கமற்றதாகி, வில்லைப் பக்கவாட்டில் திருகாமல் இருக்கிறது.

அந்தத் திருகலின் விலை என்ன என்பதை 900 மதிப்பெண் கொண்ட சர்வதேசக் களப்போட்டியின் அமைப்பே காட்டிவிடும். 65, 50, 35 மீட்டர் என்ற மூன்று தொலைவுகளிலிருந்து, ஒவ்வொன்றிலும் 30 கணைகளாக மொத்தம் 90 கணைகள், 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள இலக்கின்மீது, நின்ற நிலையிலேயே எய்யப்படுகின்றன. பத்து மதிப்பெண் தரும் நடுவட்டத்தின் விட்டம் 6 சென்டிமீட்டர்தான். கணை நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் செல்வதாகவும், காற்றின் தடையை ஒதுக்கிவிட்டதாகவும் வைத்துக்கொண்டால், 65 மீட்டரைக் கடப்பதற்குள் அது சுமார் 4.2 மீட்டர் தாழ்கிறது. அந்தத் தாழ்வை ஈடுசெய்யும் வகையில் குறிகாட்டி உயர்த்தி வைக்கப்பட்டிருக்கும். இந்நிலையில் வில்லை ஒரே ஒரு பாகை பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், கணை ஏழு சென்டிமீட்டருக்கு மேல் விலகி, பத்துக்குப் பதிலாக எட்டாம் வட்டத்தில் போய்த் தைக்கும். அதே சாய்வு 35 மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர் விலகலையே உண்டாக்குவதால், கணை பத்தாம் வட்டத்திற்குள்ளேயே நின்றுவிடுகிறது. அருகில் எய்யும்போது குறையே இல்லாதவர்போல் தோன்றியவர், தூரத்தில் எய்யும்போது, கணைக்கு இரண்டாக, முப்பது கணைகளில் அறுபது மதிப்பெண்களை இழந்துவிடுகிறார். தொலைவு புதிதாக ஒரு பிழையையும் உண்டாக்குவதில்லை. பிடியில் முன்பே இருந்த பிழையை அது வெளிப்படுத்துகிறது, அவ்வளவே.

குறிகாட்டியைச் சரிசெய்வதிலும் இந்த நிதானமே வேண்டும். பத்து மீட்டர் போன்ற குறுகிய தொலைவில் தொடங்கி, மூன்று கணைகளை எய்து, அவை கூடி நிற்கும் இடத்தின் நடுவைக் கண்டறிந்து, அதற்கேற்பத் திருத்த வேண்டும். ஒற்றைக் கணையை நம்பித் திருத்துபவர், தம்முடைய கைந்நடுக்கத்தைக் கருவியின் குற்றமாகப் பாவிக்கிறார். கணை சிறிது சிதறினாலும் இலக்குக்குள்ளேயே அடங்கும் தொலைவு அது என்பதால், பின்னால் இருப்பவற்றுக்கும் தீங்கு நேராது. விசையைத் திடீரென்று இழுக்காமல், மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, படிப்படியாக அழுத்தி, கணை இலக்கைச் சேரும்வரை வில்லை அசைக்காமல் நிற்பது எய்தலின் இறுதி அங்கம். நாண் விடுபட்ட பின்னரும், ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்த காலம், கணை பள்ளத்தின் மேலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அற்பக் காலத்தில் தலையைத் தூக்கிப் பார்க்கும் அவசரக்காரரின் அசைவு முழுவதும் கணைக்குச் சென்று சேர்ந்துவிடும்.

களத்தின் ஒழுங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எய்யும் கோட்டில் நின்று, இலக்கை நோக்கிய திசையில் மாத்திரமே நாணேற்ற வேண்டும். இலக்கின் பின்னே கணையைத் தடுத்து நிறுத்தும் மண்மேடோ தடுப்போ கட்டாயம் இருக்க வேண்டும். எல்லாரும் எய்து முடித்து, வில்களைக் கீழே வைத்தபின், நடுவரின் சைகை கிடைத்த பிறகே கணைகளைப் பறிக்கச் செல்ல வேண்டும். நாணேற்றிய வில்லோடு நடப்பதோ, அதைக் கீழே வைத்துவிட்டு அப்பால் செல்வதோ கூடாது. எய்ய வேண்டாம் என்று மனம் மாறினால், தயாரிப்பாளர் அதற்கென்று ஓர் அமைப்பை வைத்திருந்தாலன்றி, கையால் நாணைத் தளர்த்த முயலாமல், அந்த வில்லுக்குப் பொருந்தும் பழைய கணை ஒன்றை வைத்து இலக்கிலேயே எய்துவிடுவதுதான் உத்தமம். பிரிட்டனில் 1987ஆம் ஆண்டிலேயே குறுக்குவில்லுக்கென்று தனிச்சட்டம் இயற்றி, இன்று 18 வயது நிரம்பாதவருக்கு அதை விற்பதைக் குற்றமாக்கியிருப்பது, இந்த ஒழுங்குகள் வெறும் சம்பிரதாயங்கள் அல்ல என்பதற்குப் போதிய பிரமாணம்.

இத்தனையும் கூறியபின், பயிற்சியாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புதிய மாணவனின் கையில் முதல் நாளிலேயே கணையைக் கொடுத்து, அவன் பெறும் மதிப்பெண்ணைக் கொண்டு திறமையை அளக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். பரிசோதனை, நாணேற்றம், கணையைக் கிடத்துதல், பிடி, விசை, வில்லைக் கீழே வைத்தல் என்னும் ஆறு அங்கங்களுக்கும் தனித்தனியே மதிப்பிடுங்கள். அவற்றில் தேறியவனை மட்டும் தொலைவை நோக்கி அனுப்புங்கள். ஒரே கணையில் வெற்றியையோ தோல்வியையோ ஏற்கவேண்டிய குப்பியோ வில்லாளருக்கும், தொண்ணூறு கணைகளில் ஒரே சீரைக் காக்கவேண்டிய களப்போட்டி வீரருக்கும் பொதுவான மூலதனம் அந்த ஆறு அங்கங்கள்தான். இவ்விதம் பயின்ற மாணவன் முதல் மாதத்தில் தன் தோழர்களைவிடக் குறைவான கணைகளையே எய்திருப்பான். ஆனால் அவன் எய்த ஒவ்வொரு கணையும் ஏன் அங்கே போய்த் தைத்தது என்பதற்குக் காரணம் சொல்லத் தெரிந்தவனாக இருப்பான். காரணம் தெரிந்தவனால்தான் பிழையைத் திருத்திக்கொள்ளவும், தன்னையும் பிறரையும் காக்கவும் முடியும்.