செட்டின் முதுகு

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். கச்சேரிக்கு எழுதுகிறோம். ஓட்டல் சாம்பாருக்குக்கூட எழுதியாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் ஆடியோ செட்டின் முதுகை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. இந்த வாரம் அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதுகு என்றால், ஒயர் வெளியே வருகிற இடத்தில் ஒட்டியிருக்குமே ஒரு குட்டி ஸ்டிக்கர், அது. கம்பெனி பேர், மாடல் நம்பர், 'மூடியைத் திறக்காதே' மிரட்டல் எல்லாம் போக, ஓரத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வோல்ட், இன்னொன்று ஹெர்ட்ஸ். செட்டின் ஜாதகமே அதுதான்.

இந்த ஜாதகப் பொருத்தம் பார்க்கக் காரைக்காலைவிடத் தோதான ஊர் கிடையாது. சுற்றிலும் தமிழ்நாடு, கிழக்கே கடல், நடுவில் புதுச்சேரிக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலம். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டதால், தாத்தா சைகோனுக்குப் போனார், பேரன் பாரிஸில் இருக்கிறான். மாப்பிள்ளை சிங்கப்பூர், தம்பி சவூதி. ஊர் திரும்பும் ஒவ்வொருத்தரோடும் ஒரு அட்டைப்பெட்டி வரும். நைலான் கயிறு கட்டி, பேர் எழுதி.

பாரிஸில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம்மிடமும் அதேதான். சிங்கப்பூரும் அப்படியே. துபாய், குவைத் எல்லாம் பத்து வோல்ட் முன்னே பின்னே. அங்கேயிருந்து வருகிற செட்டுக்கு பிளக்கை மாற்றினால் போதும், பாடும். இந்தச் சௌகரியம்தான் வினை. ஃபாரின் செட் என்றால் சொருகின உடனே பாடும் என்று ஊரே நம்பிவிட்டது. அப்போதுதான் சவூதித் தம்பி வந்து இறங்குகிறார்.

சவூதி வீடுகளில் ரொம்ப காலம் சாதாரண பிளக்கில் 127 வோல்ட், ஏ.சி. மாதிரி பெரிய சாமான்களுக்கு 220. ஹெர்ட்ஸோ 60. படிப்படியாக 230-க்கு மாறுவதென்று 2010-ல்தான் அரசாங்கம் முடிவெடுத்தது. ஹெர்ட்ஸில் மாற்றமில்லை. அதற்கு முன்னால் வாங்கின செட்டுகள் இன்னும் எத்தனையோ பரண்களில் இருக்கின்றன. அமெரிக்க செட் 120 வோல்ட். ஜப்பான்காரன் தன் ஊருக்கென்று செய்துகொள்வது வெறும் 100.

இதை நம் 230-ல் சொருகினால் என்ன ஆகும்? நான் பி.காம். என்பதால் கணக்காகவே சொல்கிறேன். வோல்டேஜ் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு. கந்துவட்டி தோற்றது. செட்டுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு இன்னும் மோசம். அதன் இரும்பு இவ்வளவு காந்தம்தான் தாங்கும் என்று ஒரு அளவு உண்டு. அதைத் தாண்டினால் கரண்ட்டைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. செம்புக் கம்பி மேல் பூசின வார்னிஷ் கருகும். முதலில் ஒரு உறுமல், அப்புறம் ஒரு வாடை, அப்புறம் அமைதி. சரியான ஃப்யூஸ் இருந்தால் நஷ்டம் செட்டோடு போகும். ஃப்யூஸ் போட வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கும் வீடுகளில் அந்த உத்தரவாதம் கிடையாது. திரைச்சீலை பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், இரண்டு வருட சவூதி சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கின டெக், மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் பல்லவி முடிவதற்குள் உயிரை விட்டது. "ஏம்ப்பா, பாத்து வாங்க மாட்டியா?" என்று ஆளாளுக்கு அவரைத் திட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் பார்த்துத்தான் வாங்கினார். முன்பக்கத்தைப் பார்த்தார். அங்கே பி.எம்.பி.ஓ. ஆயிரக்கணக்கான வாட்ஸ் என்று உள்ளங்கை அகலத்தில் போட்டிருந்தான். அந்த எண் பெரும்பாலும் கப்சா. உண்மை பின்பக்கத்தில் இருந்தது, எறும்பு சைஸில், கறுப்பின் மேல் சாம்பல் நிறத்தில்.

முன்பு இப்படி இல்லை. பழைய பிலிப்ஸ் வால்வு ரேடியோவின் முதுகைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திருகி வைக்கிற மாதிரி ஒரு வட்டு இருக்கும், 110-லிருந்து 245 வரை. எந்த ஊர் கரண்ட்டோ அந்த எண்ணில் வைத்துக்கொள்ள வேண்டியது. பிறகு வந்த டேப் ரிக்கார்டர்களிலும், பல நாடுகளுக்கு என்று செய்த மாடல்களில் 110/220 என்று ஒரு குட்டி ஸ்விட்ச் இருந்தது. (அதை 110-ல் வைத்துவிட்டுச் சொருகினவர்கள் கதை தனி.) ஒரே நாட்டுக்கு என்று செய்த மாடலில் அந்த ஸ்விட்சை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் காசு மிச்சம். என் பார்வையில் இன்னொரு லாபமும் உண்டு: ஒரு நாட்டில் சல்லிசாக விற்கிற செட் இன்னொரு நாட்டுக்கு ஓடிப்போகாமல் இருக்க அது நல்ல வேலி. காமர்ஸ் படித்தவனுக்கு இது புரிகிறது. ஒத்துக்கொள்ளத்தான் முடியவில்லை.

அடுத்து நம்ம ஊர்க் கடைக்காரர். "ஒரு கன்வெர்ட்டர் போட்டுக்குங்க சார், சரியாயிடும்" என்பார். எந்தக் கன்வெர்ட்டர்? உள்ளங்கையில் அடங்குகிற எலெக்ட்ரானிக் வகை, அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர் மாதிரி சூடாகிற சாமான்களுக்கானது. மின்சார அலையைக் கத்தரித்து அனுப்பும். ஆடியோவுக்கு ஆகாது. வேண்டியது கனமான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர், அதுவும் செட் இழுப்பதைவிடத் தாராளமான அளவில். ஜப்பான் செட்டுக்கு 100 வோல்ட் கொடுப்பதாகவே பார்த்து வாங்க வேண்டும். 110 கொடுப்பதில் போட்டால், ராத்திரி நம் லைன் 250-க்கு ஏறும்போது அது 120 ஆகிவிடும்.

சரி, வோல்டேஜ் ஒழிந்தது. ஹெர்ட்ஸ்? இதைக் கடையில் யாருமே சொல்வதில்லை. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், 50-ஐ 60 ஆக்காது. சவூதிக்கு 60, அக்கம்பக்கத்து வளைகுடா நாடுகளுக்கு 50 என்பதால், அவர்கள் கரண்ட்டைப் பகிர்ந்துகொள்ள 2009-ல் அல்-ஃபதிலியில் 1800 மெகாவாட் நிலையமே கட்ட வேண்டியிருந்தது. ஏ.சி.யை டி.சி.யாக்கி, மறுபடி ஏ.சி.யாக்கி அனுப்புகிறார்கள். நம் கடை டப்பாவிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

நல்லவேளை, கேசட் செட்டுகள் பெரும்பாலும் டி.சி. மோட்டார், பாதிப்பில்லை. செல்போன் சார்ஜர், இன்றைய சின்ன ஸ்பீக்கர்களின் அடாப்டர் பெரும்பாலானவற்றில் '100-240, 50/60' என்றே போட்டிருக்கும், கவலையில்லை. மாட்டிக்கொள்வது, இப்போது மறுபடி ஃபேஷனாகியிருக்கும் பழைய ரிக்கார்டு பிளேயர்தான். மின்சாரத்தின் ஹெர்ட்ஸை எண்ணிச் சுற்றுகிற மோட்டார் அதில் இருந்தால், நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 28-க்கும் கீழே போய்விடும். ஐந்து கட்டையில் பாடினவர் கிட்டத்தட்ட மூன்று கட்டைக்கு இறங்குவார். பாட்டும் சவ்வாக இழுக்கும். பக்கத்து ஊர் சீர்காழி கோவிந்தராஜனின் வெண்கலக் குரலே ஜுரத்தில் படுத்த மாதிரி கேட்கும்.

இதற்கு வழி இருக்கிறது. பெல்ட்டில் ஓடும் பிளேயராக இருந்தால், மோட்டார் முனையில் உள்ள புல்லியை ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் இருந்தால் 12. சில கம்பெனிகள் 50 ஹெர்ட்ஸுக்கென்றே தனி புல்லி கொடுத்தார்கள். கிடைக்காவிட்டால் பித்தளையில் கடைந்து தர நல்ல லேத் பட்டறைக்காரர் போதும். பழைய புல்லியையும் பெல்ட்டையும் கையோடு எடுத்துப்போங்கள்.